நரசிங்கம்பேட்டை நாயனம்: பேர் யாருக்கு?

சில மாசம் முன்னால கும்பகோணத்தில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் வழக்கம்போல மொத்த ஜனமும் பந்திக்கு ஓடிவிட்டது. நான் முதல் பந்தியில் இடம் கிடைக்காமல் திரும்பி வந்து மேளக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாயனக்காரர் பெரியவர், சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, இது எந்த ஊர்ல வாங்கினதுங்க?"

"நரசிங்கம்பேட்டை தம்பி. எங்கப்பா வாங்கினது."

"யார் செஞ்சது?"

"ஆசாரி செஞ்சதுதான்."

அவ்வளவுதான். எந்த ஆசாரி, யார் மகன், ஒன்றும் தெரியவில்லை. அவர் வாசிக்கிற ராகத்தை எந்த வித்வானிடம் யார் யார் வழியாகக் கற்றார் என்று கேட்டிருந்தால் நாலு தலைமுறை சொல்லியிருப்பார். கையில் இருக்கிற வாத்தியத்தின் வம்சாவளிக்கு மட்டும் ஊர் பேரோடு கதை முடிகிறது. அன்றிலிருந்து இது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறைவாக இருந்த வாரத்தில் படித்ததையும் யோசித்ததையும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஊர். கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற ரயிலில் ஆடுதுறை தாண்டினால் அடுத்து நரசிங்கம்பேட்டை. அதற்கடுத்து குத்தாலம். சின்ன ஊர். பக்கத்திலேயே திருவாவடுதுறை. ஆதீனம் இருக்கிற திருவாவடுதுறை, நமக்கெல்லாம் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. வாசிக்கிறவர் ஒரு ஊரில், செய்கிறவர் பக்கத்து ஊரில். இந்தக் கதையில் பாதி இந்த அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. குறை ஏதாவது என்றால் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆசாரியிடம் காட்டி விட்டு வந்துவிடலாம்.

என்ன குறை? பழைய நாயனத்துக்கு திமிரி என்று பேர். குட்டையாக இருக்கும், சுருதி உச்சத்தில் நிற்கும், நாலு கட்டை, ஐந்து கட்டை. கோயில் வீதியில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் நாலு தெருவுக்குக் கேட்கணுமே, அதுக்கு அதுதான் சரி. ஆனால் சபாவில் உட்கார்ந்து நிதானமாக ஆலாபனை பண்ண அது தோதுப்படாது. அதைவிடப் பெரிய தொந்தரவு மத்யமம். சுத்த மத்யமம் அந்தக் கருவியில் இருக்க வேண்டிய இடத்தில் நிற்காது. வாசிக்கிறவர் உதட்டாலும் மூச்சாலும் அதை இழுத்துச் சரிக்கட்டிக் கொள்ள வேண்டும். மகா வித்வான்கள் சரிக்கட்டினார்கள். மற்றவர்கள் என்ன பண்ணியிருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) நீளமான பாரி நாயனத்துக்கு மாறி, சுருதியை இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறக்கினார். அவருக்காக, அந்த பாரியில் சுத்த மத்யமம் சுத்தமாகவே பேசும்படி 1955ல் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை என்.ஜி.என்.ரங்கநாதன் ஆசாரி. இன்றைக்கு தமிழ்நாட்டில் நீங்கள் கேட்கிற நாதஸ்வரம் அநேகமாக அந்த வழியில் வந்ததுதான்.

இது எப்பேர்ப்பட்ட வேலை என்று நிதானித்துப் பாருங்கள். கூம்பு மாதிரி போகப்போக அகலமாகும் ஒரு குழல். மேலே விரல் வைக்க ஏழு துளை, அதுபோக நாதத்தைச் சீர்படுத்த இன்னும் ஐந்து. அந்த ஐந்தில் மெழுகு வைத்து அடைத்தோ திறந்தோ சரிபண்ணுவார்கள். நீளத்தைக் கூட்டினால் எல்லா சுரமும் நகரும். ஒரு துளையைத் தள்ளினால் பக்கத்துச் சுரம் கோபித்துக்கொள்ளும். உட்குடைவு நூலளவு மாறினால் மேல்ஸ்தாயி கெட்டுப்போகும். ஃபிசிக்ஸ் லேப் கிடையாது. கடைசல் பட்டறை, குடைகிற கம்பிகள், காது. இவ்வளவுதான் சொத்து. பக்கத்து ஊரில் இருந்த வித்வானின் காதும் சேர்த்தி!

மரம் வேறு. ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் புது மரம் ஆகாது. ஈரம் இருந்தால் பிறகு வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். இடித்த பழைய வீடுகளின் உத்திரம், தூண் என்று பல பத்தாண்டு காய்ந்த மரத்தைத் தேடி வாங்கி வருவார்கள். கீழே விரிந்திருக்கிற அணசு வாகை மரத்தில். சீவாளி, காவிரிக்கரை நாணல். ஆக, யாரோ ஒரு மிராசுதாரின் தாத்தா கட்டின வீடுதான் இன்னொருத்தர் கல்யாணத்தில் தோடி பாடிக்கொண்டிருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம். ரங்கநாதன் ஆசாரி இதற்கு பேடண்ட் வாங்கியிருக்கலாமா?

1955ல் இங்கே நடைமுறையில் இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1911ம் வருஷத்து பேடண்ட் மற்றும் டிசைன் சட்டம். ஒரு கருவியில் புதுசாக, பயன் தருகிற மாற்றம் செய்தால் காப்புரிமை கேட்க வழி இருந்தது. பதினாறு வருஷம் செல்லும். ஆபீஸ் கல்கத்தாவில். அளவுகளை எல்லாம் படம் போட்டு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் அது பொதுவில் வெளியாகும். வித்வான் ஏற்கெனவே மேடையில் வாசித்துவிட்டால் புதுமை போச்சு என்று நிராகரிக்கவும் இடம் உண்டு. இதை எல்லாம் தாண்டி வாங்கியிருந்தாலும் 1971ல் காலாவதி. நரசிங்கம்பேட்டை பட்டறைக்கும் கல்கத்தா ஆபீஸுக்கும் நடுவில் இருந்த தூரம் மைல் கணக்கில் மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வாங்கினவர் கதை ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம். பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ், பாரீஸில் பட்டறை வைத்து ஒரு புது ஊதுவாத்தியம் செய்து 1846ல் பேடண்ட் வாங்கினார். தன் பேரையே வைத்தார், சாக்ஸஃபோன். சும்மா விட்டார்களா? பாரீஸ் வாத்தியக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். மனுஷன் வாழ்நாள் பூரா கோர்ட்டில்தான் நின்றார். 1852, 1873, 1877 என்று மூன்று முறை திவால். 1866ல் பேடண்ட் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டது. காசு நிற்கவில்லை, பேர் மட்டும் நின்றது. உலகத்தில் எந்த மூலையில் எந்த கம்பெனி செய்தாலும் அது சாக்ஸஃபோன்தான். மங்களூர் பக்கம் ஒரு நாதஸ்வரக்காரர் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டு மயங்கி, கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். நம்ம கத்ரி கோபால்நாத்.

ஆகவே பேடண்ட் வாங்காததால் ஆசாரி ஏமாந்துபோனார் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கியிருந்தால் ஒருவேளை பாரி நாயனம் இவ்வளவு வேகமாகப் பரவியே இருக்காது. அடுத்தடுத்த பட்டறைக்காரர்கள் பார்த்துச் செய்ததால்தான் எல்லா மேளக்காரர் கைக்கும் வந்தது. என் ஆதங்கம் வேறு. சாக்ஸுக்குக் கிடைத்த அந்த இரண்டாவது சமாச்சாரம் இவருக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான்.

இங்கே ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. பேர் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. குடுமியை எடுத்து கிராப்பு வைத்தார், ஷெர்வானி போட்டார். வெறும் உடம்போடு நின்றுகொண்டே வாசித்த காலத்தில், மேடை போட்டு உட்கார்ந்து வாசித்தார், ஒத்துக்குப் பதில் தம்பூரா வைத்துக்கொண்டார். நாதஸ்வர சக்கரவர்த்தி என்ற பட்டமே பாதி ஊருக்குப் பெயராகிவிட்டது. இன்றைக்கு இதைத்தான் பிராண்டிங் என்று எம்பிஏ படித்தவர்கள் படம் போட்டு விளக்குகிறார்கள். அவருக்கு அது மரியாதைப் பிரச்சினை, தன் ஜாதிக்காரர்களையும் தொழிலையும் எங்கே நிறுத்துவது என்கிற சண்டை. அந்தச் சண்டையில் ஜெயித்த பேர்தான் நோட்டீஸிலும் இசைத்தட்டிலும் ஏறியது.

ஆனால் அவரிடம்கூட பேர் மட்டும்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவர் வாசித்த தோடியை இசைத்தட்டாகப் போட்டால், சட்டப்படி அந்தப் பதிவின் உரிமை கம்பெனிக்கு. நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை நம் காப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில்தான் வந்தது. அவர் போய்ச் சேர்ந்து 38 வருஷம் கழித்து. ஆக மேலே கம்பெனி, அதற்கு உரிமை. நடுவில் வித்வான், அவருக்குப் பேர். கீழே ஆசாரி. அவருக்கு ஊர்.

கீழே இருப்பவர்களுக்கு ஏதாவது வழி உண்டா என்றால், அந்த ஊர்ப்பேரை வைத்தே ஒரு வழி வந்தது. 1999ல் இயற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீடு சட்டம். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் போட வேண்டி வந்த சட்டம், அதோடு பாஸ்மதி, மஞ்சள், வேம்பு என்று அடுத்தடுத்து வெளிநாட்டில் பேடண்ட் சண்டை நடந்த நேரம். இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. முதலில் வாங்கியது டார்ஜிலிங் தேயிலை. நம்ம தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களும் சளைக்கவில்லை. தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர் தட்டு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, தலையாட்டி பொம்மை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, 2013ல் வீணை, 2019ல் திருபுவனம் பட்டு, 2020ல் நெட்டி வேலைப்பாடு, 2025ல் கும்பகோணம் வெற்றிலை. இந்த வரிசையில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2014ல் விண்ணப்பித்து 2022 மார்ச்சில் கிடைத்தது. விண்ணப்பித்தது தஞ்சாவூர் இசைக்கருவித் தொழிலாளர் கூட்டுறவு சங்கம்.

மற்ற பொருளுக்கெல்லாம் மண்ணைக் காரணம் காட்டுவது சுலபம். சுவாமிமலை சிலைக்கு அச்சு எடுக்க காவிரி வண்டல், நெட்டிக்கு நம்ம ஏரி குளம், வெற்றிலைக்குக் கொடிக்கால். நாயனத்துக்கு? மரம் எங்கேயோ இடித்த வீட்டிலிருந்து வருகிறது. நரசிங்கம்பேட்டைக்கு மட்டுமே உரியது என்று இருப்பது அளவும் கைப்பழக்கமும்தான். அதாவது 1955ல் அந்த ஊரில் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம். புவிசார் குறியீடு என்று பேர், உண்மையில் அது அறுபத்தேழு வருஷம் தாமதமாக, ஆள் பேரை விட்டுவிட்டு ஊர் பேரில் கொடுத்த பேடண்ட் மாதிரி இருக்கிறது எனக்கு. வக்கீல் நண்பர்கள் இதைப் படித்தால் அடிக்க வருவார்கள், பரவாயில்லை :-)

இது ட்ரேட்மார்க் மாதிரி இல்லை. ட்ரேட்மார்க் என்பது ஒரு வீட்டின் சொத்து. தஞ்சாவூர் பாம்பே ஸ்வீட்ஸ் இருக்கிறது பாருங்கள், 1949ல் ஆரம்பித்தது. வடக்கேயிருந்து வந்த குடும்பம், கடைப்பேர் பம்பாய், சரக்கு சந்திரகலா, ஊர் தஞ்சாவூர். அந்தப் பேரும் அதன் மரியாதையும் அந்தக் குடும்பத்தோடு போகும், விற்கலாம், கிளைக்கு வாடகைக்கு விடலாம். புவிசார் குறியீட்டை அப்படி விற்கவோ அடகு வைக்கவோ லைசென்ஸ் கொடுக்கவோ சட்டம் விடாது. அது ஊராருடையது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதை உபயோகப்படுத்த உரிமை வேண்டும் என்றால் ஒவ்வொரு ஆசாரியும் தன்னை அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டணம் முன்பு ஐந்நூறு ரூபாய், 2020ல் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். பதிந்த உரிமை அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுக்குப் போகும். போலிக்கு ஆறு மாசத்திலிருந்து மூன்று வருஷம் வரை ஜெயில், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ ஒரு கடையில் நரசிங்கம்பேட்டை என்று சொல்லி வேறு சரக்கை விற்றால் யார் போய் வழக்குப் போடுவது? சாக்ஸுக்கே மூன்று திவால் ஆனது. பட்டறையை மூடிவிட்டு கோர்ட்டுக்கு அலைய எந்த ஆசாரிக்கு முடியும்?

கும்பகோணம் டிகிரி காபியைப் பாருங்கள். ஹைவேயில் எத்தனை போர்டு! பித்தளை டபரா செட்டு வைத்தால் கும்பகோணம் ஆகிவிட்டது. கும்பகோணத்துக்காரன் எனக்கே சில இடத்தில் குடித்தபிறகு ஊர் மேல் சந்தேகம் வந்திருக்கிறது. எல்லாரும் உபயோகிக்கிற பேர் யாருக்கும் சோறு போடாது.

இந்த இடத்தில் சொந்தக் கொசுவத்தி ஒன்று, சுருக்கமாக. எங்க பெரியப்பா சீவல் வியாபாரம் பண்ணினார். வீட்டிலேயே கொட்டைப்பாக்கு சீவி, வறுத்து, சின்னப் பொட்டலமாகக் கட்டி, மஞ்சள் தாளில் ஒரு பச்சைக் கிளி படம். பேர்கூட கிடையாது, 'கிளிப் பொட்டலம் குடு' என்றுதான் கேட்பார்கள். சந்தையில் நன்றாகப் போனது. ஒரு நாள் அதே மஞ்சளில், அதே கிளி, கொஞ்சம் குண்டாக, வேறு ஒருத்தர் சரக்கு வந்தது. விலை குறைவு, சீவல் மட்டம். வாங்கினவர்கள் பெரியப்பாவைத்தான் திட்டினார்கள், "என்ன செட்டியாரே, சரக்கு கெட்டுப்போச்சே". அவர் செட்டியாரே இல்லை, அது வேறு விஷயம். பதிவு செய்யவில்லையே, நாம என்ன பண்ண முடியும் என்று இரண்டு வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, பதிவு பண்ணாத குறியாக இருந்தாலும், ஒருத்தர் சரக்கை இன்னொருத்தர் சரக்கு மாதிரி ஏமாற்றி விற்றால் வழக்குப் போட வழி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று. பெரியம்மாவிடம் சொன்னேன். "இப்ப சொல்லு"ன்னு ஒரே வார்த்தை.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த நாயனக்காரரோடு போனில் ஒருதரம் பேசினேன். குறியீடு கிடைச்சதே, விலை கூடியிருக்கா, ஆசாரிங்களுக்கு லாபமா என்று கேட்டேன். சிரித்தார். "தம்பி, நான் இந்த ஒரு வாத்தியத்தை எங்கப்பாகிட்டேருந்து வாங்கி நாப்பது வருஷமா வாசிக்கிறேன். என் மகன் பேங்க்ல இருக்கான். ஆசாரி யாருக்கு விப்பாரு?" செண்டை மேளமும் டிஜேவும் வந்த மண்டபங்களில் நாயனத்துக்கு ஒதுக்கின நேரம் முகூர்த்தத்தோடு சரி. முன்பு இந்தத் தொழிலில் இருந்த குடும்பங்களில் இப்போது சிலதான் மிச்சம். பேரைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, வாங்குகிற ஆளைக் கொண்டுவர அதனால் முடியாது.

ஆனாலும் எனக்கு ஒரு ஆசை விடவில்லை. ஊர் முத்திரையோடு சேர்த்து, எந்தப் பட்டறை, யார் கடைந்தது, எந்த வருஷம் என்று அணசுக்கு உள்பக்கம் சின்னதாகப் பொறித்துக் கொடுக்கலாம். காசு செலவில்லாத வேலை. இத்தாலியில் கிரெமோனா ஊர் வயலின்காரர் ஸ்ட்ராடிவாரி, ஒட்டின காகிதத்தில் தன் பேர், ஊர், வருஷம் மூன்றையும் போட்டார். அவருக்குப் பிறகு ஊர் உலகமெல்லாம் அதே காகிதத்தைப் போலியாக அடித்து ஒட்டினார்கள் என்பதும் உண்மைதான். இருந்தாலும் கிரெமோனா என்றால் இன்றைக்கும் ஒரு ஆள் பேர் வாயில் வருகிறது. நரசிங்கம்பேட்டை என்றால் ரங்கநாதன் ஆசாரி என்று வரவேண்டாமா? அந்தப் பெரியவர் கையில் இருந்த நாயனம் யார் கடைந்தது என்று அவர் பேரனாவது படித்துச் சொல்லியிருப்பானே.

இதை எழுதும்போது இன்னொன்று ஞாபகம் வந்து தொலைத்தது. கும்பகோணத்தில் எங்க தாத்தா வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்தோம். ரேழியில் இரண்டு தூண், கூடத்தில் நீள உத்திரம், எல்லாம் கறுத்துப்போய் இரும்பு மாதிரி இருக்கும். சின்ன வயசில் அந்தத் தூணில் சாய்ந்துதான் ரேடியோ கேட்போம். மொத்தத்தையும் மரக்கடைக்காரர் எடை போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். என்ன மரம் என்று நான் கேட்கவே இல்லை.